ஒழுக்கக்கேடு

"அண்ணே, மாரல் டர்பிட்யூட்னா என்ன?"

செருப்பைக் கழற்றும்போதே ஷீலா கேட்டுவிட்டாள். போசரி தொழிற்பேட்டையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன.

கன்டோன்மென்ட் பள்ளியில் முப்பது வருஷமாக ஆங்கிலம் நடத்தும் அமல்ராஜ் பேப்பரை மடித்து வைத்தார். யாராவது அர்த்தம் கேட்டுவிட்டால் போதும், மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"ஒழுக்கக்கேடு. சும்மா தப்பு இல்ல, ஊரே முகம் சுளிக்கிற கேடு. லத்தீன்ல டர்பிஸ்னா அசிங்கம். முதல்ல பார்வைக்கு அசிங்கமா இருக்கிறதத்தான் அப்படிச் சொன்னாங்க. பிறகு அது மனசோட அசிங்கமா மாறிச்சு. பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு."

"அதுல இவ்வளவு இருக்கா?"

"வேர் தெரியாம ஒரு வார்த்தையைத் தொடவே கூடாது, ஷீலா."

ஷீலா பையிலிருந்து கம்பெனி கொடுத்த கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

"அந்த வார்த்தையைப் போட்டுத்தான் என்னையும் மரியஜோசப்பையும் கம்பெனியை விட்டு அனுப்பிட்டாங்க. யாரோ மொட்டைக் கடிதாசி போட்டிருக்காங்க. புருஷன் செத்தவளும் பொண்டாட்டி செத்தவனும் ஸ்டோர் ரூம்ல கூத்தடிக்கிறாங்களாம்."

பன்னிரண்டு வருஷ வேலை. ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம் என்று இருவரும் பங்குச் சாமியாரிடம் பேசியிருந்தார்கள். வேலையும் இல்லாமல், இந்தப் பேரையும் சுமந்துகொண்டு எந்த முகத்தோடு கோயிலில் போய் நிற்பது?

அமல்ராஜ் கடிதத்தைப் படித்துவிட்டு உச்சுக்கொட்டினார். "அந்த ஆள் சகவாசம் வேண்டாம்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா? சரி, போனது போகட்டும். இனிமே வீட்டோட இரு. உன் மதினிக்கும் துணையா இருக்கும்."

பக்கவாதம் வந்து ஒரு வருஷமாகப் படுக்கையில் கிடக்கும் அவர் மனைவி வேதமணி உள்ளறையில் முனகினாள். ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் அவளைக் குளிப்பாட்டி, சோறூட்டுவது ஷீலாதான். பகலுக்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது என்பது அமல்ராஜின் தீராத புலம்பல்.

"கம்பெனிக்குப் பதில் எழுதித் தர்றியா அண்ணே?"

"எழுதி என்ன ஆகப்போகுது? போட்டவன் எவன்னே தெரியாது. யார் பேரைச் சொல்லி எழுதுவே?"

ஷீலா உள்ளே போய் வேதமணியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். தன் துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு வந்து, மறுபடியும் செருப்பை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்டே? மதினிக்குச் சாப்பாடு?" என்று பதறினார் அமல்ராஜ்.

"கம்பெனி விசாரணையில அந்தக் கடிதாசியை முழுசா வாசிச்சாங்கண்ணே. லத்தீன்ல அசிங்கம், பிரெஞ்சு வழியா வந்துச்சு, எல்லாம் இருந்துச்சு. மொட்டைக் கடிதாசியிலகூடவா பாடம் நடத்துவே?"