வளர்த்த கூட்டின் பாட்டு

பறவை ஆராய்ச்சி செய்யும் பிரிசில்லாவுக்குச் சோறு போட்டது அவள் காது. ஜாம்பியாவின் புல்வெளிகளில் இரண்டு இனக் கருநீலக் குருவிகள் உண்டு. அருகருகே வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. கூடு கட்டும் வழக்கமே இல்லை. ஒவ்வோர் இனமும் வேறொரு வகைச் சிட்டின் கூட்டில் முட்டையை இட்டுவிட்டுப் பறந்துவிடும். குஞ்சோ வளர்த்த கூட்டின் பாட்டைத்தான் பாடும். அதைக் கேட்டுத்தான் எந்த இனம் என்று சொல்ல முடியும். “சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை கேளுங்கள்” என்பாள் மாணவர்களிடம்.

பால் மறந்த கையோடு நாத்தனார் வீட்டில் விட்டுப்போன மகளைப் பார்க்க இப்போதுதான் கோபிசெட்டிபாளையத்துக்கு வந்திருக்கிறாள். கதவைத் திறந்த தாரணிக்கு இவளுடைய அதே மூக்கு, அதே நெற்றி, சிரித்தால் எட்டிப்பார்க்கும் தெற்றுப்பல்கூட அதேதான். பிரிசில்லாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

“மக்ளே, என்னைத் தெரியுதா?” எத்தனையோ வருடம் பேசாத நாகர்கோவில் பேச்சு தானாக நாக்கில் வந்தது.

“தெரியுமுங்க. போட்டோவுல பாத்திருக்கறனுங்க. உள்ள வந்து உக்காருங்க.” தாரணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். “அம்மா தோட்டத்துக்குப் போயிருக்குதுங்க. இப்ப வந்துருமுங்க.”

மரியாதைக்கு ஒரு குறையுமில்லை. வாய்க்குக் கொண்டுபோன சொம்பு பாதியில் நின்றது.

“ஆரு போயிருக்கா, மக்ளே?” இன்னொரு தடவை கேட்டாள்.

“எங்கம்மாங்க.”