யாரும் காட்டாத கல்

“நான் எதையும் நம்பி ஆரம்பிக்க மாட்டேன், பெரியவரே. உங்க பேச்சையும் நம்ப மாட்டேன், எஸ்டேட் பேச்சையும் நம்ப மாட்டேன்.”

சர்வேயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நாகலூரிலிருந்து மேடேறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. நிலம் அளக்கும் சங்கிலி பிடிக்கும் ஆட்கள் ஆளுக்கொரு பாறையில் சாய்ந்துவிட்டார்கள். அங்கப்பன் மட்டும் முதுகு வளையாமல் நின்றார்.

அவருடைய சாமைக் காட்டுக்கும் கீழே இருந்த வெள்ளைக்காரத் துரையின் காபித் தோட்டத்துக்கும் எல்லை எது என்பதே வழக்கு. மூலைக்கல்லிலிருந்து எந்தத் திசையில் எத்தனை சங்கிலி என்று பழைய பதிவேட்டில் இருந்தது. மூலைக்கல் எது என்பதுதான் இல்லை. எல்லை மேலே தள்ளிப்போனால் அங்கப்பனின் தாய், தகப்பன், தாத்தா மூவரையும் புதைத்த மேடுகள் எஸ்டேட்டுக்குப் போகும். அடுத்த மழைக்கு அங்கே காபிக் கன்றுக்குக் குழி வெட்டிவிடுவார்கள்.

“நாலு வருசத்துக்கு முன்னால தலைச்சோலையில எந்தம்பிகிட்டயும் இதையேதானுங்க சொன்னீங்க,” என்றார் அங்கப்பன். “அவன் காட்டுனது நெசமான கல்லுங்க. நீங்க நம்பல. எங்க சித்தப்பனைப் புதைச்ச எடத்துல இன்னைக்குக் காபி காய்க்குது.”

“வழக்குல இருக்கிறவர் காட்டினா அது சாட்சி இல்லை, ஆசை. நான் காலேஜ்ல தத்துவம் படிச்சவன். உண்மை வேணும்னா மனசுல இருக்கிறதை எல்லாம் துடைச்சுட்டு வெறுமையிலேர்ந்து தொடங்கணும்.”

“வெறுமையில சங்கிலியை எங்கீங்க மாட்டுவீங்க?”

ஆட்கள் சிரித்தார்கள். சர்வேயர் சிரிக்கவில்லை.

போன வருடம் வேலைக்கு வந்த எஸ்டேட் ரைட்டர் மாதையன் குடையை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். “நொம்ப நேரமாச்சுங்க. அதோ, மேட்டுக்கு மேல நிக்குது பாருங்க, அதான் மூலைக்கல்லு. அளந்து முடிச்சா மத்தியானச் சோத்துக்குப் பங்களாவுக்குப் போயிரலாம்.”

“அதுவும் ஆசைதான், ரைட்டர்.”

அங்கப்பன் சரிவில் இறங்கி, ஓடையோரம் காபிச் செடிகளுக்கு நடுவே இருந்த ஒரு நெட்டைக் கல்லைக் காட்டினார். “இதுங்க. எங்க தாத்தன் நட்டது.”

“சத்தியமா?”

அங்கப்பன் கல்லின் மேல் கையை வைத்தார். “எங்க வம்சத்துல பொய் சொன்ன வாய் கெடையாதுங்க.”

கூழ்க் கலயத்தோடு நின்றிருந்த அவர் மனைவி கண்ணம்மாள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீங்க காட்டினதால இதுவும் தள்ளுபடி,” என்றார் சர்வேயர்.

இரண்டு கல்லையும் விட்டுவிட்டு நடுவில் நடந்தார். புதைமேடுகளுக்குச் சற்றுக் கீழே, பாசி மூடிய ஒரு குட்டைக் கல்லில் ஆடு ஒன்று கட்டியிருந்தது.

“இது என்ன கல்?”

“ஆடு கட்டுற கல்லுங்க,” என்றார் ரைட்டர் அலட்சியமாக. “நான் வந்த நாளாப் பாக்கறேன்.”

“ஐயோ, அது வேண்டாமுங்க!” அங்கப்பன் பதறினார். “அதுல ஆரம்பிச்சா ஓடை வரைக்கும் எங்காடு போயிருமுங்க!”

சர்வேயரின் முகம் முதன்முறையாகத் தெளிந்தது. “யாரும் இதைக் காட்டலை. யாருக்கும் இது மேல ஆசை இல்லை. இப்படி ஒரு கல்லைத்தான் தேடினேன். ஆட்டை அவுங்க.”

வெயில் உச்சிக்கு வந்தபோது அளவு முடிந்தது. புதைமேடுகள் மூன்றும் அங்கப்பன் பக்கமே நின்றன. ரைட்டர் குடையை உதறி விரித்துக்கொண்டு இறங்கினார்.

“ஓடைப்பக்கம் போச்சேன்னு வருத்தப்படாதீங்க, பெரியவரே,” என்றார் சர்வேயர். “எதையும் நம்பாம ஆரம்பிச்சா நியாயம் தானா வந்துரும்.”

அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும், அங்கப்பன் தாத்தாவின் மேட்டருகே பொத்தென்று உட்கார்ந்தார். காலையிலிருந்து நிமிர்ந்திருந்த முதுகு வளைந்துவிட்டது.

“ஏனுங்க, இனி ஆரும் இங்க குழி வெட்ட மாட்டாங்க. ஒரு வாய் கூழு குடிங்க.”

“எந்த வாய்ல குடிக்கிறது, கண்ணம்மா?”

அவள் கலயத்தைக் கீழே வைத்தாள். மடியிலிருந்து சின்ன எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள்.

“ஆடிக்கு ஆடி எண்ணெய் வெக்கறது நம்ம ஊட்டு வழக்கம். மூணு வருசமா வெக்காத, பாசி புடிக்கட்டும்னு தடுத்துப்போட்டீங்க. இனி வெக்கலாமுங்களா?”

அங்கப்பன் அவளைப் பார்க்காமலே தலையசைத்தார்.

அவள் பாசியை நகத்தால் சுரண்டிவிட்டு, அவர் தாத்தா நட்ட அந்தக் குட்டைக் கல்லுக்கு எண்ணெய் தடவத் தொடங்கினாள்.