முப்பத்தொரு வளையங்கள்

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் கரியக்கா. மரத்துண்டைக் காற்றுப் புகாத உலையில் ஐந்நூறு டிகிரியில் வைத்துக் கரியாக்குவது அவள் வேலை. உலைக்குள் வைக்கும்முன் எடை போடுவாள், மரத்தின் வயது வளையங்களை எண்ணுவாள். கரியானதும் எடை நாலில் ஒரு பங்காகிவிடும், துண்டும் சுருங்கிவிடும். வளையம் மட்டும் கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

அன்று வந்த துண்டில் முப்பத்தொரு வளையங்கள். கரியாக வெளியே வந்தபோதும் முப்பத்தொன்றுதான். கண்ணாடி ஜாடியில் போட்டு இறுக மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள். காலையில் வந்து எண்ணினால் முப்பத்திரண்டு. எடையும் ஒரு கிராம் ஏறியிருந்தது.

"கரி ஈரத்தை இழுக்கும்க்கா, உங்களுக்குத் தெரியாததா?" என்றார் ஆய்வகத்தில் கூட வேலை பார்ப்பவர்.

"இழுக்கட்டும். வளையமுமா போடும்?"

"எண்ணும்போது கண்ணு அசந்திருக்கும். எதுக்கும் இன்னொரு தடவை சுட்டுப் பாருங்க."

தொள்ளாயிரம் டிகிரியில் சுட்டாள். மறுநாள் முப்பத்துமூன்று. இந்தமுறை அவரும் எண்ணினார். அவருக்கும் முப்பத்துமூன்றுதான் வந்தது.

மிச்சமிருந்தது ஒன்றுதான்: துண்டை முழுக்கச் சாம்பலாக்கி எடை எழுத வேண்டும். சாயங்காலத்துக்குள் அறிக்கை போகாவிட்டால் ஆறு மாத உழைப்பு வீண். கரியக்கா இடுக்கியை எடுத்தாள், திரும்பக் கீழே வைத்தாள். அறிக்கையில் சாம்பல் எடைக்கான கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, என்னதான் ஆகிறது பார்ப்போமே என்று ஜாடியை ஜன்னலோரம் வைத்தாள்.

மறுநாள் முப்பத்துநான்கு. புது வளையம் வெயில் விழும் பக்கம் மட்டும் சற்று அகலமாக இருந்தது.

தொட்டிச் செடியைத் திருப்புவதுபோல, அவள் ஜாடியை மெல்ல மறுபக்கம் திருப்பி வைத்தாள்.