ஏழு கோடி வருஷத் தீட்டு

“பிணம் கிடக்கிற வீட்டிலா என் பையனுக்குக் கல்யாணம்?” என்று மாப்பிள்ளையின் அம்மா செல்லாயி கத்தினாள். பக்கத்து வீட்டில் இருந்த எனக்குச் சன்னலைச் சாத்த மனசு வரவில்லை.

அரியலூரில் இப்போதெல்லாம் தரையடியில் எலும்புச் சோதனை முடியாமல் எந்த வீட்டிலும் பந்தக்கால் நட முடியாது. மணப்பெண் மங்கையின் வீட்டுத் தரையடியில் டைனோசர் எலும்பு கிடைத்தது. சோதனைக்கு அதை அமிலத்தில் போட, கல்லாகிப்போன பகுதி கரைந்ததும் உள்ளே ரத்தக்குழாய் ரப்பர் மாதிரி வளைந்தது. வெறும் கல் என்றால் பரவாயில்லை, சதை என்றால் தீட்டாம்!

“அது செத்து ஏழு கோடி வருஷமாச்சு, சம்பந்தியம்மா. பதினாறு நாள் எப்பவோ முடிஞ்சிடுச்சு” என்றார் மங்கையின் அப்பா மாசிலாமணி.

“காரியம் யார் செஞ்சா?”

மனுஷன் போய் மீசையை எடுத்துவிட்டு வந்து, டைனோசருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார். செல்லாயி தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்தாள்.

வெள்ளிக்கிழமையே கல்யாணம் நடந்தது. மங்கையும் மாப்பிள்ளையும் திருச்சிக்குக் குடிபோனார்கள், எட்டாவது மாடியாகப் பார்த்து.