வெட்டிய சொல்

சுகந்தினி பேனையை எடுத்து, 'முஸ்லிம் பயங்கரவாதிகள்' என்பதில் முதற்சொல்லை வெட்டினாள்.

அவள் மதியச் செய்தி வாசிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

அதை எழுதிய நிலோஜனுக்குச் சுருக்கென்றது. வெல்லாவெளியிலிருந்து வந்து இந்த வானொலியில் செய்தி எழுதத் தொடங்கி இரண்டு மாதம்தான். ஆனாலும் சூடான சொல் தேடிப் போடுவதில் தன்னை மிஞ்ச மட்டக்களப்பில் ஆளில்லை என்பது அவன் எண்ணம். வாவியில் முதலை தலை காட்டினால்கூட 'முதலை அட்டகாசம்' என்றுதான் எழுதுவான்.

இன்று தேவாலயத்தில் நடந்த ஈஸ்டர் குண்டுவெடிப்பின் நினைவு நாள். அடக்கி வாசிக்க அவனால் முடியுமா?

"எல்லாரும் அப்பிடித்தானே எழுதுறாங்க அக்கா."

"குண்டு வச்சவனுக்குப் பேர் இருக்கு மனே. அந்தப் பேரைப் போடு. ஊருக்கெல்லாம் ஏன் பங்கு வைக்கிறாய்?"

கண்ணாடிக்கு அப்பால் ஒலிக்கருவிகளின் முன் இருந்த அஸீமா நிமிரவில்லை. காத்தான்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிறவள். தினமும் அவளும் சுகந்தினியும் ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுகிறவர்கள். அதுதான் அக்கா வெட்டுகிறாள் என்று நிலோஜன் முடிவுகட்டிவிட்டான்.

"சிநேகிதத்தைப் பார்க்காதீங்க அக்கா. செத்த சனத்திட பக்கம் நின்று பாருங்க. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இது எப்பிடி இருக்கும்?"

சுகந்தினி பேனையை மூடி வைத்தாள்.

"ஓம் மனே" என்றாள். தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பன்னிரண்டுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. வெட்டிய சொல் இல்லாமலேயே செய்தி ஓடியது. நிலோஜன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டான்.

கடைசியில் இறந்தவர்களின் பட்டியல். அதை அவன் எழுதவில்லை. வருடாவருடம் வாசிக்கும் பழைய தாளை அஸீமாதான் எடுத்து வைத்திருந்தாள்.

"யோசேப்பின் மனைவி அஞ்சலா, நாற்பத்தொரு வயது."

குரல் தடங்கலில்லாமல் போனது. ஐந்தாவது பெயர். ஆறாவது பெயர்.

ஏழாவதில் சுகந்தினி நிறுத்தி, ஒலிவாங்கியை விட்டு விலகி இருந்தாள்.

நிலோஜன் பதறி எழுந்தான். அஸீமா பதறவில்லை. பழகிய கையால் சுகந்தினியின் ஒலிவாங்கியை அடைத்து, தன்னுடையதைத் திறந்து, அந்த ஒரு பெயரை மட்டும் குனிந்து வாசித்தாள்.

"சுகந்தினியின் மகன் ஜொய்சன், ஏழு வயது."

எட்டாவது பெயரிலிருந்து சுகந்தினி தொடர்ந்தாள்.