வலுவான பெயர்

பாளையங்கோட்டை வீட்டில், தம்பியின் பிள்ளையை மடியில் கிடத்தி, பெயரைச் சொல்ல அதன் காதருகே வாயை வைத்தபடி காத்திருந்த சங்கரவடிவுக்குக் கால் மரத்துப்போனது.

"என்ன செம்பியா, அப்பா பேர அடிக்க அரை மணி நேரமா?"

அரசின் பிறப்புப் பதிவுத் தளம் ஒப்புக்கொண்ட பெயரைத்தான் பிள்ளைக்குச் சூட்டலாம். செம்பியன் கைபேசியில் 'ஆவுடையப்பன்' என்று மூன்றாம் முறையாக அடித்தான். சிவப்பு எழுத்து வந்தது: 'கடந்த மூன்று தலைமுறைகளில் பயன்படுத்திய பெயரை மீண்டும் பயன்படுத்த இயலாது.'

பேரனுக்கு உங்கள் பெயர்தான் என்று, சாகக் கிடந்த அப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னவன் அவன். 'ஆவுடை' என்று சுருக்கிப் பார்த்தான். 'பலவீனமான பெயர்' என்றது தளம். இரண்டு நிமிடத்தில் முடிக்காவிட்டால் அதுவே ஒரு பெயரை வைத்துவிடுமாம்.

"நம்பர் ஒண்ணு, குறி ஒண்ணு சேக்கணுமாம்," என்று எட்டிப் பார்த்தாள் மனைவி பூங்கோதை. "பாஸ்வேர்டு வலுவா வைங்கன்னு ஊருக்கே பாடம் எடுத்தீங்கள்லா, அனுபவிங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான்: ஆவுடை@யப்பன்7. 'மிக வலுவான பெயர்' என்று பச்சை எரிந்தது. அப்பா எப்படியோ தப்பித்தார்.

"சொல்லுடே!" என்று அக்கா குனிந்தாள். சொந்தக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

அப்போது கடைசி அறிவிப்பு வந்தது: 'பாதுகாப்புக் கருதி இப்பெயரை யாரிடமும் தெரிவிக்க வேண்டாம். மீறினால் பெயர் முடக்கப்படும்.'

செம்பியன் அதை இரண்டு முறை படித்தான்.

"இவன்கிட்டயும் சொல்லக்கூடாதாம்க்கா."

சங்கரவடிவு தம்பியை முறைத்தாள். பிறகு பிள்ளையின் காதில் நிதானமாக மூன்று முறை சொன்னாள்.

"ஏலே. ஏலே. ஏலே."