காற்றுப் புகாத அறை

வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். அது சுருளாமல் இருக்க ஒரு மூலையில் ஊறுகாய்ப் போத்தலையும் மறு மூலையில் அப்பாவின் கண்ணாடிப் பெட்டியையும் வைத்தேன்.

வெளியே சுவிட்சர்லாந்தில், வின்டர்தூரின் நவம்பர். மேசையில் பருத்தித்துறைக் கடற்கரை.

அப்பாவும் அம்மாவும் விடுமுறைக்குப் போய்த் தங்குவதற்காகக் கட்டும் வீடு. கட்டடக் கலைஞராக என் பெயரில் எழும்பப்போகும் முதல் வீடும் இதுதான்.

படித்து முடித்த நாளிலிருந்து அலுவலகத்தில் யார் யாருடையவோ குளியலறைகளைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். அப்படிப்பட்டவளை நம்பிக் கடலோரக் காணியைத் தூக்கிக் கையில் தந்தவர்கள் இவர்கள் இருவரும். நன்றி என்று எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அதனால் நன்றாக வரைந்திருந்தேன்.

மாரிமழை சரிந்து அடித்தாலும் சுவர் நனையாதபடி கூரையை வெளியே நீட்டியிருந்தேன். வெள்ளம் ஏறாதபடி தரையை உயர்த்தியிருந்தேன். ஜன்னல்களில் கண்ணாடியே இல்லை, சாய்த்து அடுக்கிய மரப்பலகைகள் மட்டும். வாடைக்காற்றோ சோளகமோ, எது வந்தாலும் ஒரு பக்கத்தால் நுழைந்து வீடெல்லாம் சுற்றிவிட்டு மறுபக்கத்தால் போகும்.

அப்பாவுக்கு முப்பது வருடச் சுவிஸ் பழக்கம். முதலில் வீட்டுக்கு அடியில் ஒரு கெல்லர் கேட்டார். கடலோரத்தில் நிலவறை தோண்டினால் கிணறுதான் கிடைக்கும் என்றேன். சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்தார். பிறகு, இங்கே இருப்பதுபோல மேலால் சாய்த்துத் திறக்கும் ஜன்னல் கேட்டார். அதையும் விட்டுக்கொடுத்தார். வாசலில் படிக்குப் பதிலாகச் சாய்வுப் பாதை வேண்டும் என்றபோது, தன் முழங்கால்களை நினைத்துக் கேட்கிறார் என்று நானும் சம்மதித்தேன்.

இப்படிச் சொல்வழி கேட்கும் வாடிக்கையாளர் எந்தக் கட்டடக் கலைஞருக்கும் வாய்க்கமாட்டார்.

ஓர் அறையில் மட்டும் மனிதர் மசியவேயில்லை.

அந்த அறைக்குத் தடித்த சுவர் வேண்டுமாம். இரட்டைக் கண்ணாடி வேண்டுமாம். ஏசி பூட்டிக் காற்றே புகாமல் அடைக்க வேண்டுமாம்.

மூச்சு விடுவதற்கென்றே வரைந்த வீட்டின் நடுவில் ஒரு குளிர்ப்பெட்டி. கடலோரத்து ஈரக் காற்று குளிர்ந்த சுவரில் பட்டால் சுவர் வியர்க்கும், பூஞ்சணம் பிடிக்கும் என்று விளக்கினேன். பூஞ்சணம் என்றால் என்ன என்று அப்பாவுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. இந்த வீட்டுக் குளியலறைக் கூரையோடு ஒவ்வொரு குளிர்காலமும் மல்லுக்கட்டுபவர் அவர். அது பிடிக்காமல் கட்டத்தானே உன்னைப் படிக்க வைத்தது என்றார்.

அங்கே யார் படுக்கப்போகிறார்கள் என்று கேட்டேன். அம்மாவுக்கு ஏசி ஆகாது, தும்மல் வந்துவிடும். அப்பா கோடை வெயிலிலும் கம்பளிச் சால்வையைத் தேடுகிற ஆள்.

வருகிற ஆட்களுக்கு என்றார்.

அப்படியானால் வீட்டின் பின்பக்கம் தள்ளிவிடுகிறேன் என்றேன். அதுவும் கூடாதாம். கடல் தெரிகிற மூலையில்தான் வேண்டுமாம். உள்ளே படுத்திருப்பவருக்குக் கூடத்தில் கதைப்பது கேட்க வேண்டுமாம், கழிவறை ஒட்டியே இருக்க வேண்டுமாம். வாடைக்காற்று நுழையும் மூலையே அதுதான். அதை அடைத்தால் என் வீடு பாதி செத்துவிடும்.

விடிந்தால் வரைபடம் யாழ்ப்பாணத்துக்குப் போயாக வேண்டும். நான் குரலை உயர்த்தினேன். வருடத்தில் எப்போதோ வந்து போகிற விருந்தாளிக்காக வீட்டைக் கெடுக்க என்னால் முடியாது என்றேன்.

நான் அந்த வீட்டில் தங்கப்போவதில்லை. லீவு கிடைக்காது என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். புதுவீடு குடிபூரலுக்குக்கூட வரமுடியுமோ தெரியாது என்று சொன்னபோது இருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

அம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்து, அப்பா கேட்ட அறையின் மூலையில் விரலை வைத்தார்.

"கட்டிலுக்குப் பக்கத்தில ஒரு பிளக் வை, பிள்ளை. சின்ன ஃபிரிட்ஜ் ஒண்டு வைப்பம். உந்த ஊசி மருந்தைச் சூட்டில வைக்கக்கூடாதெல்லோ."

எங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் ஊசி போடுவதில்லை.

நான் போடுகிறேன். நரம்பு வைத்தியர் என் நோயின் பெயரைச் சொல்லி இரண்டு வருடமாகிறது. வெயிலில் கொஞ்சம் நின்றாலே கால்கள் என் சொல் கேட்காது. இவர்கள் உடைந்துபோவார்கள் என்று பயந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஊசிப் பெட்டியை ஓர்லிகோனில் நான் தனியாக இருக்கும் வீட்டு ஃபிரிட்ஜில், தயிருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

அந்த ஃபிரிட்ஜில்தான் அம்மா சனிக்கிழமை தவறாமல் வந்து, தன்னிடமிருக்கும் திறப்பால் கதவைத் திறந்து, கறிப் பெட்டிகளை அடுக்கிவிட்டுப் போகிறார்.

ஒருநாளும் கேட்டதில்லை. நானாகச் சொல்லட்டும் என்று விட்டிருக்கிறார்கள். காத்திருந்து பார்த்துவிட்டுக் கடைசியில் ஓர் அறை கட்டுகிறார்கள்.

இந்த இருவருக்கும் பிள்ளையாகப் பிறந்ததை நினைத்து அழுகை வந்தது. அதை மறைக்கப் பென்சிலை எடுத்துக் கடல் மூலையின் மரப்பலகைகளை அழித்தேன், தடித்த சுவரைப் போட்டேன்.

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே, ஏசியை இருபதில் வைத்தால் காணுமோ, இன்னும் குறைக்க வேண்டுமோ என்று கேட்டார்.

"காணும் அப்பா," என்றேன்.